கேட்டிருந்தால் கொடுத்திருப்பானே!

அடியே வாயாடி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நலமா என்று கேட்டால் மூட்டுவலிக்கு இரண்டு பக்கம், மருமகளுக்கு நாலு பக்கம் எழுதுவாய். உன் போன கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நடுவில் இருந்த ஒரே ஒரு பத்திதான். உன் விடுதியில் சாப்பாட்டு வரிசையில் தட்டு இடித்துவிட்டது என்பதற்காகப் பதினாறு வயதுப் பயல் ஒருவன் இன்னொருவன் மூக்கை உடைத்துவிட்டான், புத்தி சொல்லிச் சொல்லி உனக்கு வாய் வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது. ஸ்டாஃப் ரூமில் அத்தனை வருஷம் வலிக்காத வாய் உனக்கு இப்போது வலிக்கிறது என்றால் விஷயம் பெரிதுதான். அதனால் மகள், மாப்பிள்ளை, இங்கே டெவான் தெருவில் முருங்கைக்காய் விற்கிற அநியாய விலை எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு, சிகாகோ ஊர் வம்பு ஒன்றை எழுதுகிறேன். ஒபாமா வரைக்கும் போகிற வம்பு.

2013 பிப்ரவரி. ஒபாமா இரண்டாம் தடவை பதவியேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்த விழாவுக்குத் தன் பள்ளி இசைக்குழுவோடு வாஷிங்டன் போய் வந்த 15 வயதுப் பெண் ஒருத்தி, ஊர் திரும்பி, பூங்காவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது யாரோ யாரையோ குறிவைத்த குண்டில் செத்துப்போனாள். ஒபாமாவின் சிகாகோ வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நாடே பேசியது. மனுஷர் கிளம்பி வந்தார். ஹைட் பார்க் அகாடமி என்ற பள்ளியில் பேச்சு ஏற்பாடாகியிருந்தது. மேடைக்குப் போவதற்கு முன்னால் அங்கே ஒரு வகுப்பறையில் பையன்களோடு வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆளாளுக்குத் தன் கதையைச் சொல்லவேண்டும் என்பது அந்த வட்டத்தின் வழக்கம். தன் முறை வந்ததும் ஒபாமாவும் சொன்னார்: வீட்டில் அப்பா இல்லாமல் வளர்ந்தேன், அது பற்றி எனக்குள் கோபம் இருந்தது, கோபம் என்றே அப்போது தெரியவில்லை, கஞ்சா புகைத்தேன், படிப்பைச் சரியாகக் கவனிக்கவில்லை, செய்யக்கூடாததைச் செய்தேன் என்று. பக்கத்தில் இருந்த பையனுக்கு நம்பமுடியவில்லை. "உங்களைப் பற்றியா சொல்றீங்க?" என்று கேட்டானாம். ஆமாம் என்றாராம்.

மறு வருஷம் வெள்ளை மாளிகையில் இளைஞர்களுக்கான ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது ஒபாமாவே இதைச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். 2013 ஜூனில் அந்தப் பையன்கள் வெள்ளை மாளிகைக்கு வந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்ட தந்தையர் தின வாழ்த்து அட்டை ஒன்றைக் கொடுத்தார்களாம். தந்தையர் தின அட்டையில் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை என்று ஒருவன் சொல்ல, நானும் போட்டதில்லை என்றாராம் ஜனாதிபதி. ஒபாமாவின் அரசியலில் எனக்கு ஆயிரம் மனக்குறை உண்டு, உனக்கே தெரியும். இந்த இடத்தில் மட்டும் கண் கலங்கிவிட்டது.

அந்த வட்டத்துக்குச் சொந்தக்காரர் ஒபாமா இல்லை. டோனி டிவிட்டோரியோ என்று இத்தாலியப் பூர்வீகக்காரர் ஒருவர். பையன்களுக்கு அவர் 'டோனி டி'. அவரும் அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவர், உளவியல் படித்தவர். 'யூத் கைடன்ஸ்' என்று சிகாகோவில் பழைய தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதில் வேலை பார்த்தபோது 2001-இல் 'பிகமிங் எ மேன்' என்று இதைத் தொடங்கினார். பி.ஏ.எம். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், பள்ளி நேரத்திலேயே, ஒரு வகுப்பைக் கட் அடித்துவிட்டு வந்து உட்காரவேண்டும். கணக்குப் பாடத்துக்குத் தப்பலாம் என்றால் எந்தப் பயல் வரமாட்டான்? வரவழைக்கிற தந்திரமே அதுதான். ஒரு வட்டத்தில் பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு மேல் கிடையாது. நேர்மை, பொறுப்பேற்பது, கோபத்தை நல்லபடியாக வெளிக்காட்டுவது, பெண்களை மதிப்பது என்பதுபோல ஆறு கொள்கைகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்கு நம் பள்ளிக்கூடத்து நீதிபோதனை வகுப்புதான் ஞாபகம் வந்தது, ஒரு கொட்டாவியும் வந்தது. கொள்கைகளை விடு. நடத்துகிற விதத்தைக் கேள்.

வந்து உட்கார்ந்ததும் 'செக்-இன்'. இன்றைக்கு உன் உடம்பு எப்படி, புத்தி எப்படி, மனசு எப்படி, ஆன்மா எப்படி என்று ஒவ்வொருவனும் சொல்லவேண்டும். முதலில் சொல்வது யார் தெரியுமா? ஆலோசகர். நேற்று ராத்திரி என் மனைவியோடு சண்டை, தூங்கவில்லை, மனசு கனமாக இருக்கிறது என்று அவர் தன்னுடையதை எடுத்து முன்னால் வைப்பார். நம் ஊரில் வாத்தியார் அப்படிச் சொன்னால் மறுநாள் ஊர் முழுக்க நாறிவிடும். அங்கே வைத்த பிறகுதான் பையன்கள் ஒவ்வொருவராக வாயைத் திறக்கிறார்கள். சும்மா "நல்லா இருக்கேன்" என்று முதல் வாரம். பிறகு ஒரு நாள் ஒருவன், எங்க அண்ணனைச் சுட்டுட்டாங்க என்பான். இன்னொருவன், அம்மாவை அப்பா அடிக்கும்போது நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன் என்பான். ஆண்பிள்ளைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே உணர்ச்சி கோபம்தானே நம் ஊரிலும்? அழுதால் பொட்டை என்போம், பயந்தால் கோழை என்போம். மூக்கை உடைத்தால் மட்டும் 'ஆம்பளப் புள்ள, ரத்தம் சூடு' என்போம். அதனால் பயம், வெட்கம், ஏக்கம் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருகின்றன.

இப்போது அந்த வட்டத்தின் பேர்போன விளையாட்டுக்கு வருகிறேன். 'முஷ்டி' என்று பேர். பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரிக்கிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவனிடம் ஆலோசகர், உனக்கு முப்பது வினாடி, அவன் கையிலிருந்து பந்தை வாங்கு என்கிறார். அவ்வளவுதான் உத்தரவு. அப்புறம் அறையே ரணகளம். விரலைப் பிரிக்கிறான், கையை முறுக்குகிறான், கழுத்தைப் பிடிக்கிறான், நாற்காலி கவிழ்கிறது. முப்பது வினாடி முடிந்து பந்து கைமாறி, அடுத்தவன் முறை. மறுபடியும் அதே கூத்து. எல்லோரும் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு ஆலோசகர் மெதுவாகக் கேட்பார்: பந்தைக் கொடு என்று ஒருத்தனாவது கேட்டீங்களா?

ஒருத்தனும் கேட்டிருக்கமாட்டான். கேட்டால் என்னைக் கோழை என்று நினைப்பான், கொடுத்திருக்கமாட்டான் என்பான் இவன். அடுத்து அவர் பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்புவார்: கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு, கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே என்பான்.

ஒரு நிமிஷம் நிறுத்தி உன் சாப்பாட்டு வரிசையை நினைத்துப் பார். தட்டை இடித்தவன் வேண்டுமென்றே இடித்தானா? மூக்கை உடைத்தவன் அதைக் கேட்டானா? கேட்க அவனுக்கு நேரம் இருந்ததா? நேரம் இருந்திருக்காது என்பதுதான் இந்த ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது. இந்தப் பையன்கள் யோசித்துத் தப்பு செய்கிறவர்கள் இல்லை, யோசிக்காமலே கை ஓங்கிவிடுகிறது என்கிறார்கள். அது ஏன் என்பதற்கு அவர்கள் சொல்கிற காரணம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வசதியான தெருவில் வளர்ந்த பையனிடம் ஒருவன் வழிமறித்துச் சட்டையைக் கழற்று என்றால் கழற்றிக் கொடுத்துவிட்டு போலீசுக்குப் போன் போடுவான். வகுப்பில் டீச்சர் வாயை மூடு என்றாலும் மூடிக்கொள்வான். இரண்டு இடத்திலும் பணிந்துபோவது அவனுக்குப் பொருந்துகிறது. கலவரத் தெருவில் வளர்ந்தவன் ஒரு தடவை சட்டையைக் கழற்றிக் கொடுத்தால் இளிச்சவாயன் என்று பேர் கிடைத்துவிடும், நாளைக்குச் செருப்பையும் கேட்பார்கள். அதனால் எதிர்த்து நிற்பது அவனுடைய உடம்பிலேயே ஏறிவிட்டது. தெருவில் அவனைக் காப்பாற்றிய அதே பழக்கம், டீச்சர் வாயை மூடு என்று சொல்லும்போதும் தானாக எழுந்து நிற்கிறது. அங்கே அவனுக்கு டி.சி. கிடைக்கிறது. ஆக, பையனுக்குப் புத்தி இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் அவனுக்கு அது நல்ல புத்தியாகத்தான் இருந்தது. பி.ஏ.எம். ஆலோசகர் 'அடிக்கவே அடிக்காதே' என்று சொல்வதில்லை. தெருவில் அந்தப் பையனுக்கு அது செல்லாத உபதேசம். கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்று, இது எந்த இடம் என்று பார்க்கச் சொல்கிறார்.

எண்ணத்தைப் பிடித்து நடத்தையை மாற்றுகிற இந்தச் சிகிச்சையை டாக்டர்கள் சி.பி.டி. என்கிறார்கள். டாக்டர் என்றதும் இன்னொரு வம்பு. கேட்பது பற்றியதுதான், அதனால் தள்ளிப்போட மனசில்லை. 1985 வாக்கில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் பருமனைக் குறைக்கிற கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக இளைத்துவந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். ஏன் என்று புரியாமல் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கேள்விப் பட்டியலோடு உட்கார்ந்தார். முதல் தடவை உடலுறவு கொண்டபோது உங்களுக்கு என்ன வயது என்று ஒரு பெண்ணிடம் கேட்கவேண்டியவர், வாய் தவறி, என்ன எடை என்று கேட்டுவிட்டார். அவள் 40 பவுண்டு என்றாள். 18 கிலோ! அது ஒரு சின்னக் குழந்தையின் எடை. அவள் அழுதுகொண்டே அப்பாவின் பேரைச் சொன்னாள். அதற்குப் பிறகு எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தார். கேட்கக் கேட்கக் கதைகள் வந்துகொண்டே இருந்தன. அதிலிருந்து கிளம்பி, ராபர்ட் ஆண்டா என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வுதான், சின்ன வயதுக் காயம் பெரிய வயது உடம்பில் என்ன செய்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது. அடி, வசவு, அத்துமீறல், அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடிகாரர், வீட்டில் ஒருவர் ஜெயிலில் என்று வகை வகையாக எண்ணினார்கள். நாலு வகை அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள் ஒன்றும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. உன் விடுதிப் பையன்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எத்தனை வரும் என்று யோசித்தேன். பிறகு யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

சரி, இந்த வட்டம் நிஜமாகவே வேலை செய்கிறதா, இல்லை எல்லோரும் சேர்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிறார்களா? நீ கேட்பாய் என்று தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 'கிரைம் லேப்' என்று ஓர் ஆய்வு மையம். 2007-இல் செனகல் நாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர், டாக்டர் பட்டம் கைக்கு வரச் சில வாரங்களே இருந்தபோது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம் வாசலில் நடப்பதையே நம்மால் விளக்கமுடியவில்லை, பிறகு என்ன பல்கலைக்கழகம் என்ற வெட்கத்தில் பிறந்த மையம் அது. அதை நடத்துகிற ஜென்ஸ் லட்விக் என்ற பொருளாதாரப் பேராசிரியர், சிறார் காவல் இல்லத்து ஊழியர் ஒருவர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: இங்கே இருக்கிற பையன்களுக்கு அவர்கள் வாழ்க்கையிலிருந்து பத்தே நிமிஷத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் இங்கே இருக்கமாட்டார்கள் என்று.

2009-10 கல்வியாண்டில் 18 அரசுப் பள்ளிகளில் 2,740 பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த வாய்ப்பு, மறு பாதிக்கு இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள். 2013-15-இல் இன்னொரு தடவை, இன்னும் 2,064 பேரோடு. கலந்துகொண்டவர்களிடம் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதம் குறைவு. சிறார் காவல் இல்லத்திலும் இதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தபோது, வெளியே போனவர்கள் மறுபடி உள்ளே வருவது 21 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? செந்தில் முல்லைநாதன்! நம் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்காவுக்கு வந்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். "எல்லாத் தமிழனையும் உங்க சொந்தக்காரனாக்கிடுவீங்க அத்தை" என்றார். ஆக்கினால் என்ன?

ஆனால் அந்தக் கட்டுரையில் பெரிய எழுத்தில் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வட்டம் நடந்த காலம் வரைக்கும் கைதுகள் குறைந்தன. வட்டம் முடிந்த பிறகு அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவது, படித்து முடிப்பது ஆகியவற்றில் வந்த முன்னேற்றம் நிலைத்தது. தெருவுக்குப் போன பிறகு கை மட்டும் பழைய கையாகிவிட்டது. ஆலோசகர் போனதும் பாதிப் பலன் அவரோடே போய்விட்டது என்று நான் படித்துக்கொண்டேன்.

இதற்கு மருந்து இருக்கிறதா என்று தேடினால் ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியிருக்கிறது. லைபீரியா. 1989-இல் தொடங்கி நடுவில் கொஞ்சம் ஓய்ந்து 2003 வரை உள்நாட்டுப் போர் நடந்த நாடு. சார்லஸ் டெய்லரின் படையில் 'ஸ்மால் பாய்ஸ் யூனிட்' என்றே ஒரு பிரிவு இருந்தது. குழந்தைகள் கையில் துப்பாக்கி! போர் முடிந்தது, துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார்கள். எந்த வீட்டுக்கு? தலைநகர் மன்ரோவியாவின் கல்லறைத் தோட்டங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் அந்தப் பையன்கள் வளர்ந்து ஆளானார்கள். திருட்டு, கஞ்சா, வழிப்பறி. ஊர் அவர்களை 'ஸோகோ' என்று கூப்பிட்டு எச்சில் துப்பியது.

ஜான்சன் போர் என்ற உள்ளூர்க்காரர் இப்படிப்பட்டவர்களோடு வருஷக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். கிறிஸ் பிளாட்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அவரோடு ஊரைச் சுற்றியபோது ஒன்றைக் கவனித்தார். தெருவில் பெல்ட்டோ செருப்போ விற்கிறவனைப் பார்த்தால் ஜான்சன் நின்று பேசுவார். பிறகு எதிர்ச் சந்தில் போதைப்பொருள் விற்பவனைக் காட்டி, நான் இப்போது பேசினேனே, அவனும் இப்படித்தான் இருந்தான் என்பார். என்ன செய்தீர்கள் என்று பிளாட்மன் துருவித் துருவிக் கேட்டதில் பிறந்ததுதான் ஆய்வு. 999 பேர். திருட்டு, வழிப்பறி என்று திரிகிறவர்களையே தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், இருபது பேர் கொண்ட குழு. பாடம் நடத்தியவர்களில் பலர் முன்னால் அதே தெருவில் கிடந்து, இதே பயிற்சியில் மீண்டவர்கள்.

முதல் பாடம் என்ன தெரியுமா? முடி வெட்டிக்கொள். குளி. படுக்கிற இடத்தைப் பெருக்கு. அடுத்து ஒரு பெரிய கடைக்குள் போய், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, நிமிர்ந்து நடந்துவிட்டு வா. பாங்குக்குப் போய்க் கணக்கு ஆரம்பிப்பது எப்படி என்று விசாரி. விரட்டினால் என்ன செய்வாய் என்பதைக் குழுவில் முன்கூட்டியே நடித்துப் பார். அறுந்துபோன சொந்தபந்தத்தின் வாசலில் போய் நில். வாத்தியார்கள் இவர்கள் தங்குகிற இடத்துக்கே போய் விசாரித்தார்கள். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, ஊர் துப்பிய மனுஷனை ஊர் கண்ணுக்கு முன்னால் மறுபடி மனுஷனாக நடக்கப் பழக்குவதுதான். என்னைக் கேட்டால் மனக்காயத்துக்கு இதைவிட நேரான மருத்துவம் இல்லை.

ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை மட்டும். ஒரு பகுதியினருக்கு 200 டாலர் பணம் மட்டும், அங்கே அது ஏறக்குறைய மூன்று மாதச் சம்பாத்தியம். ஒரு பகுதியினருக்கு இரண்டும். மிச்சப் பேருக்கு ஒன்றுமில்லை. எல்லாம் குலுக்கல். பணத்தைக் குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்று நீயும் நானும் சொல்லியிருப்போம். பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்யவில்லை. சின்ன வியாபாரம் ஆரம்பித்தார்கள், துணிமணி வாங்கினார்கள். வியாபாரம் நிலைத்ததா என்றால் இல்லை. கொஞ்ச நாளில் திருட்டுப் போயிற்று, நொடித்தது. ஆனாலும் வேடிக்கையைப் பார்: ஒரு வருஷம் கழித்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் மாற்றம் தேய்ந்துபோயிருந்தது, இரண்டும் பெற்றவர்களிடம் நிலைத்திருந்தது. பத்து வருஷம் கழித்து மறுபடி தேடிப் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள், எல்லாம் இளவயதுச் சாவு. 833 பேரைக் கண்டுபிடித்துப் பேசினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் திருட்டு, போதை விற்பனை, அடிதடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தே இருந்தது. ஆளுக்கு ஆன செலவு மொத்தம் சுமார் 530 டாலர்.

நொடித்துப்போன வியாபாரம் எப்படி மனுஷனை மாற்றும்? பிளாட்மன் குழு சொல்வது இது: அந்தக் காசு இருந்த சில மாதங்கள் அவன் திருடப் போகவேண்டியிருக்கவில்லை. வெட்டின முடியோடும் வெளுத்த சட்டையோடும் கடைக்காரனாக நின்று பழக அவகாசம் கிடைத்தது. பாடம் முடிந்த பிறகும் பயிற்சி நடந்துகொண்டே இருந்தது. காசைவிட அந்த அவகாசத்துக்குத்தான் நான் மார்க் போடுவேன். சிகாகோவில் இல்லாமல் போனது அதுதான். பிளாட்மன் இப்போது இந்த ஊர்ப் பேராசிரியர்தான். லைபீரியாப் பாடத்தைக் கொண்டுவந்து, சிகாகோவில் துப்பாக்கிக் கலாச்சாரத்தில் மாட்டியிருக்கிற பெரிய ஆண்களுக்கு 'ரெடி' என்ற பேரில் பதினெட்டு மாதச் சம்பள வேலையும் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லா வகைக் குற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் திட்டவட்டமாகச் சொல்லும்படி குறையவில்லை. துப்பாக்கிச்சூடு, கொலைக்குக் கைதாவதில் மட்டும் பெரிய சரிவு தெரிந்தது. முழு வெற்றி என்று கொண்டாட நான் தயாரில்லை. அதற்காகத் தூக்கியெறியவும் மாட்டேன்.

நடுவில் ஒரு சினிமா. 'மைண்டிங் தி கேப்' என்று 2018-இல் வந்த ஆவணப்படம், ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. சிகாகோவுக்கு மேற்கே ராக்ஃபோர்ட் என்ற ஊரில் ஸ்கேட்போர்டு பலகையில் சுற்றுகிற மூன்று பையன்கள். மூவரும் வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்கள். எடுத்தவர் பிங் லியூ, அவரே அந்த மூவரில் ஒருவர். மாற்றாந்தகப்பனிடம் தான் பட்ட அடியைப் பற்றித் தன் அம்மாவையே கேமரா முன்னால் உட்காரவைத்துக் கேட்கிறார். அவர்களுக்கு ஒரு டோனி டி இருக்கவில்லை. உன் பேரனிடம் சொன்னால் எங்கேயாவது தேடிப் போட்டுத் தருவான், பார். தனியாகப் பார்க்காதே.

இப்போது உன் பயலுக்கு வருகிறேன். முதலில் நீ புத்தி சொல்வதை நிறுத்து. கோபித்துக்கொள்ளாதே. உன்னை அவன் அப்பத்தாவாக நினைப்பான், வட்டத்துக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டும். உங்கள் பி.டி. மாஸ்டர், குடிகார அப்பனிடம் அடி வாங்கி வளர்ந்தவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். பையன்கள் அவர் பின்னாலேயே போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த மனுஷரைப் பிடி. அவர் முதலில் தன் கதையைச் சொல்லவேண்டும், அதில் பந்தாவும் கூடாது, அழுகைக் கச்சேரியும் கூடாது. வாரத்தில் ஒரு பாடவேளை, அதே நாள், அதே நேரம், அதே இடம். தலைமையாசிரியர் பாடவேளை தரமாட்டேன் என்றால் அவரிடம் உன் பழைய வாயைக் காட்டு. பந்து விளையாட்டை மட்டும் மூன்றாவது நாலாவது வாரத்துக்குத் தள்ளிவைக்கச் சொல், முதல் நாளே வைத்தால் வெறும் சண்டையோடு முடிந்துபோகும்.

வட்டத்தில் சொன்னது வட்டத்திலேயே இருக்கும் என்று மாஸ்டர் சத்தியம் செய்துவிடக்கூடாது. 18 வயதுக்கு உட்பட்ட பையன் தன்னிடம் ஒருவர் தப்பாக நடந்துகொண்டதாகச் சொன்னால், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். அந்தச் சட்டம் பையன்களுக்கும்தான், நம் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தும் மறைத்தால் மறைத்தவர் மேலேயே வழக்கு வரும். இதை ஆரம்பத்திலேயே பையன்களிடம் சொல்லிவிடவேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, உனக்கே மனப்பாடமாக இருக்கும். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். செத்துப்போகணும் போல இருக்கு என்று ஒருவன் சொன்னால் வட்டத்தை நம்பி உட்காராமல் அன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும். மாஸ்டர் டாக்டர் இல்லை, அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். அவருடைய பழைய காயமும் கிளறப்படும். அவர் மனம்விட்டுப் பேச ஒரு ஆளை நீயே ஏற்பாடு செய், அது நீயாகவே இருந்தாலும் சரி. அந்த வேலைக்கு உன் வாய் வேண்டாம், காது போதும்.

கடைசியாக ஒன்று. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் வட்டத்தைக் கலைத்துவிடாதே. மே மாதம் போக வீடில்லாத பையன்கள்தான் விடுதியிலேயே கிடப்பார்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும். பள்ளி முடித்து வேலைக்குப் போனவனும் மாதம் ஒரு தடவை வந்து உட்காரட்டும். அடுத்த வருஷம் அவனே இளையவர்களுக்கு முதலில் பேசட்டும். லீவில் மாஸ்டருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று கமிட்டி மூக்கைச் சுளித்தால் பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கு. மே மாதச் சம்பளத்தை நான் அனுப்புகிறேன், பாங்கு விவரத்தை மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி